லேமினேஷன் போட்ட பிச்சாவரம்

கோலாலம்பூரில் ஒரு படம் ஏலத்துக்கு வருகிறது என்பதற்காகக் கடலூருக்கு டிக்கெட் எடுத்த ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கோலாலம்பூரை அடுத்த சிரம்பானில் ஃப்ரேம் கடை வைத்திருக்கிறேன். அடுத்தவர்கள் கொண்டுவரும் படங்களுக்குச் சட்டம் போட்டுப் போட்டே படம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். மற்றபடி, ஏலக் கூடத்தில் கடைசி வரிசையில் நின்று, யார் கை தூக்குகிறார்கள், யார் தூக்குவதுபோல் போய்த் தலையைச் சொறிந்துகொள்கிறார்கள் என்று வேடிக்கை பார்த்து வந்த படிப்புதான்.

எங்கள் பக்கத்தில் ஓவிய ஏலம் இப்போதுதான் சூடு பிடிக்கிறது. முன்பெல்லாம் கல்யாணப் பரிசு கொடுக்கத்தான் படம் வாங்குவார்கள். இப்போது வருகிற இளவட்டங்கள், வரைந்தது யார், இதற்கு முன்னால் யார் வீட்டில் இருந்தது என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். பிழைக்க வந்த இடத்தில் படம் வரைந்துவிட்டுப் போன தமிழர்களைத் தேடுகிறவர்களும் உண்டு. அந்தத் தேடலில்தான் சூசை மாஸ்டர் பெயர் அடிபட்டது.

கடலூர்க்காரர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். நடுவில் கொஞ்ச காலம் மலேசியா வந்து விளம்பரப் பலகை எழுதியவர். ஊரில் விட்டுவிட்டு வந்த மனைவியை அப்போது ஞாபகத்திலிருந்தே வரைந்திருக்கிறார். திரும்பிப் போக டிக்கெட் எடுக்க வேண்டி, அந்தப் படத்தையே விற்றிருக்கிறார். அது பல கை மாறி ஏலப் பட்டியலில் வந்து நின்றது. நீலப் புடவை, காதோரம் கலைந்த முடி, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டுத் திரும்பியது போல ஒரு பார்வை.

மாஸ்டர் இப்போது இல்லை. மகள் அமலா கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் இருக்கிறாள், ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன். விசாரித்து நம்பர் வாங்கி, பட்டியலில் இருந்த படத்தை அனுப்பினேன். வெகுநேரம் கழித்துக் குரல் வந்தது.

"அக்கா, எங்க அம்மா மூஞ்சிய இப்பத்தான் பாக்குறேன்."

அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டார். வீட்டிலிருந்த போட்டோக்களை அவளுக்கு விவரம் தெரிவதற்குள் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அப்பா சொல்லக் கேட்ட அம்மாதான் அவளுக்கு.

"அவுங்கள வூட்டுக்குக் கூட்டியாந்துடணும்க்கா. அதுக்கு என்னா பண்ணணும், சொல்லுங்க."

படத்தை வாங்கணும் என்று அவள் சொல்லவில்லை. கூட்டியாந்துடணும் என்றாள். அந்த வார்த்தைதான் என்னை விமானம் ஏற்றியது.

வழியும் இருந்தது. அப்பா வரைந்ததில் ஒன்றே ஒன்று அமலாவிடம் மிச்சம். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு, தாளில் வாட்டர்கலர். அவள் அனுப்பிய போட்டோவைப் பார்த்து எனக்குத் தூக்கம் போனது. தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் மாஸ்டர் வண்ணமே வைக்கவில்லை. வெறும் தாளை அப்படியே விட்டிருந்தார். அதில் வெயில் அடித்தது. இதை அதே ஏலத்தில் விற்று, அந்தப் பணத்தில் அம்மாவை ஏலம் கேட்பது என்று முடிவு செய்தோம். ஒரே பெயரில் இரண்டு படம் அடுத்தடுத்து வந்தால் கூடத்தில் நாலு பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று ஏலக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

"மழைக்காலம் அமலா. ஈரம் பட்டா தாளு போச்சு. நான் வர்ற வரைக்கும் நனையாம பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

சென்னையில் ஏறிய பஸ்ஸின் நெற்றியில் கடலூர் என்று பெரிதாகத்தான் எழுதியிருந்தது. புதுச்சேரி தாண்டியதும் கண்டக்டர் வந்து, "கடலூர் உள்ள போவாது, பைபாஸ்ல எறங்கிக்கணும்" என்றார். போர்டில் போட்டிருக்கிறதே என்றேன்.

"போர்டுல சிதம்பரமும்தான் போட்டுருக்குது. அதுக்காக பஸ்ஸ கோயிலுக்குள்ளயா வுடுவாங்க?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் பஸ்காரர் தப்பான இடத்தில் இறக்கினால் மன்னிப்புக் கேட்பார், ஆனால் இப்படி ஒரு வாக்கியம் கிடைக்காது. பைபாஸில் தூறலில் நின்று, ஒரு ஷேர் ஆட்டோவில் மீன் கூடைக்கார அம்மா ஒருவரை ஒட்டி உட்கார்ந்தேன். விஷயம் கேட்டுவிட்டு அவர் கண்டக்டரைச் சபித்தார்.

"மலேசியாலேர்ந்து வந்த பொம்பளய ரோட்டுல எறக்கி வுட்டானா? அவன் வூட்டுக் கல்யாணத்துல மொத பந்தியிலயே சாம்பாரு தீந்து போவ!"

இவ்வளவு அளவாக ஒரு சாபத்தை நான் கேட்டதில்லை.

அமலா வீட்டில் சங்கரா மீன் குழம்பும் நெத்திலி வறுவலும் காத்திருந்தன. நாங்கள் மீன் குழம்பில் வெண்டைக்காயும் தேங்காய்ப்பாலும் சேர்ப்போம் என்றேன். அமலாவின் கணவர் செல்வம், "மீனுக்கு எதுக்குக்கா பாலு, அது இன்னா கொழந்தையா?" என்றார். துறைமுகத்திலிருந்து ஐஸ் ஏற்றிப் போகிற வேன் ஓட்டுகிறவர். பேசும்போதே அடுத்த கரண்டியை இலையில் சாய்த்துவிடுகிற மனிதர்.

சாப்பாடு முடிந்ததும் இருவரும் கண்ணால் பேசிக்கொண்டார்கள். செல்வம் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உள்ளே போனார். புதுத் துண்டில் சுற்றிய ஒன்றைக் குழந்தை ஏந்துவது போல ஏந்தி வந்தார்.

துண்டை விலக்கினார். முதலில் எனக்கு ட்யூப்லைட் தெரிந்தது. அப்புறம் என் முகம் தெரிந்தது. அதற்கும் கீழே, எங்கேயோ, பிச்சாவரம்.

"லேமினேஷன் போட்டாச்சுக்கா" என்றார் செல்வம். "ஃபுல் க்ளாஸ்."

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த சொம்பை எடுத்துப் படத்தின்மேல் மடமடவென்று தண்ணீர் ஊற்றினார். ஊற்றித் துண்டால் ஒரு துடை துடைத்தார். "பாத்தீங்களா? ஒண்ணும் ஆவல. இனிமே வெள்ளமே வந்தாலும் மெதக்கும்."

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பாராட்டுக்குக் காத்திருக்கிற முகங்கள். நான் சுவரைப் பார்த்தேன். அமலாவின் மார்க் ஷீட், ஞானஸ்நானச் சீட்டு, அவர்கள் கல்யாணப் பத்திரிகை, எல்லாமே பிளாஸ்டிக்குக்குள் பளபளத்தன. வெள்ளத்தில் அம்மாவின் போட்டோக்களைத் தொலைத்த வீடு அது. அதற்குப் பிறகு அங்கே எந்தத் தாளும் வெறும் உடம்போடு இருந்ததில்லை. ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னபோது, தெரிந்ததிலேயே உசத்தியான காவலை அவர்கள் போட்டிருக்கிறார்கள்.

எப்படிச் சொல்வது? சொல்லித்தான் ஆகவேண்டும். தாளைப் பலகையில் பசை போட்டு ஒட்டி, மேலே சூட்டில் பிளாஸ்டிக்கை உருக்கிப் பதித்துவிட்டால், வாங்குகிறவர்கள் அதைத் தாளோவியமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தாளின் சொரசொரப்பைத்தான் அவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். அது இப்போது பிளாஸ்டிக்குக்கு அடியில் போய்விட்டது. அந்த வெறும் தாளில் அடித்த வெயிலும் போய்விட்டது.

"அப்ப எடுத்துக்க மாட்டாங்களா?" என்றாள் அமலா.

"மாட்டாங்கம்மா."

செல்வம் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஓரத்தில் நகத்தை விட்டுப் பிளாஸ்டிக்கை நிமிண்டப் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இன்று யோசித்தால், அன்று சாயங்காலமே நான் கிளம்பியிருக்க வேண்டும். பிச்சாவரத்தை விட்டுவிட்டு, ஏலக் கூடத்தில் என் வழக்கமான கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. எப்படியாவது உரித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

மறுநாள் செல்வத்தின் ஐஸ் வேனில் சிதம்பரம் போனோம். லேமினேஷன் போட்டவர் அங்கேதான், பல்கலைக்கழக வாசல் பக்கம் கடை. கிள்ளையில் ஐஸ் இறக்கவேண்டும் என்று வேன் சுற்றிப் போனது. உருகிய தண்ணீர் சீட்டுக்கு அடியில் ஓடி என் செருப்பை நனைத்தது. படத்தை மடியில் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அதற்குத் தண்ணீர் இனி ஒன்றும் செய்யாது என்பது பாதி வழியில்தான் உறைத்தது. டீக்கடையில் இறங்கியபோது கடைக்காரம்மா மூக்கைச் சுளித்து, "ஆளு எறங்குறாங்களா, லோடு எறங்குதா?" என்றார்.

புதுச்சத்திரம் தாண்டியதும் செல்வம் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"துறைமுகத்துல மீன் ஏலம் வுடுறவன் மூஞ்சியப் பாத்துதான்க்கா வெலைய ஏத்துவான். உங்க ஊர்ல மூஞ்சியவே ஏலம் வுடுறாங்க."



கடைக்காரர் பாபு, செல்வத்தின் சிநேகிதர். ஜெராக்ஸ், பைண்டிங், லேமினேஷன். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "சூப்பரா வந்துருக்குல்ல மேடம்? மச்சானுக்காக காசு கூட வாங்கல. தாளு ஓரமெல்லாம் பிசிறா இருந்துச்சு, நேரா கட் பண்ணிட்டேன்."

படத்தின் கீழ் ஓரத்தைப் பார்த்தேன். "கட் பண்ண ஓரம் எங்க?"

"அது குப்பையில போயிருக்கும். சும்மா பென்சில்ல என்னமோ கிறுக்கி இருந்துச்சு, அவ்வளோதான்."

"டேய், அது எங்க மாமனாரு கையெழுத்துடா" என்றார் செல்வம்.

பாபு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரைத் திட்டவில்லை, அதுதான் அவருக்கு அதிகம் வலித்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, சுவரில் மாட்டியிருந்த தன் கல்யாணப் போட்டோவைக் கழற்றினார். அதுவும் லேமினேஷன்தான். "இத வெச்சி டெஸ்ட் பண்ணிப் பாப்போம் மேடம். இது வந்துச்சுன்னா, அதுவும் வரும்" என்று ஹீட்டரைக் காட்டி ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தார். மாப்பிள்ளையின் தோள் வரை ஒழுங்காக வந்தது. அப்புறம் பொண்ணின் முகம் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பலகையில் மாலைக்கு மேலே வெள்ளையாக ஒரு வட்டம்.

"வேணாம் மேடம்" என்றார் பாபு. "உங்களது இப்படி ஆயிடக்கூடாது."

"வூட்டுல என்னாடா சொல்லுவ?" என்றார் செல்வம்.

"மூஞ்சிதான் நேர்ல இருக்குதே, போட்டோ எதுக்குன்னு சொல்லுவேன். ரெண்டு வாங்கிக்குவேன். வேற இன்னா பண்றது மச்சான்?"

அவர்கள் சிரித்தார்கள். எனக்கு முழுதாகச் சிரிக்க முடியவில்லை. நேரில் முகம் இல்லாத வீட்டிலிருந்து நான் வந்திருந்தேன்.

அன்றைக்குச் சாப்பிட்ட இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் மட்டும் வஞ்சகம் செய்யவில்லை. எங்கள் ஊரில் கொத்சு என்று கொடுப்பது சாம்பாரின் தூரத்துச் சொந்தம். பாபு தன் இட்லியைத் தொடவே இல்லை. "நா கெடுத்த சோறு, எனக்கு எப்பிடி எறங்கும்?" என்றார்.

அதற்கப்புறமும் நான் திரும்பவில்லை. பழைய தாள்களைச் செப்பனிடுகிறவர் ஒருவர் புதுச்சேரியில் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். போனோம். தொட்டுப் பார்த்துவிட்டுக் கை விரித்தார். சென்னையில் ஒருவருக்குப் போட்டோ அனுப்பிக் காத்திருந்தோம். அவரும் அதையே சொன்னார். இப்படியே ஏல நாள் வந்துவிட்டது. நான் போனில் கேட்பதாக ஏற்பாடு செய்துகொண்டேன்.

பிச்சாவரம் விற்காத நிலையில் அமலாவின் சேமிப்பு, செல்வம் எடுத்த சீட்டுப் பணம், கடன் என்று சொல்லி நான் திணித்தது, இவ்வளவுதான் கையில். அதற்கு மேலே போகக்கூடாது என்று எல்லை வைத்துக்கொண்டோம்.

ஓ.டி.யில் மழையால் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. பாபு போன் செய்து, "எங் கடைக்கு வந்துடுங்க. நா கெடுத்தது, நல்லதும் இங்கயே நடக்கட்டும்" என்றார். அமலா லீவு போட்டுவிட்டு, அதே நீலத்தில் ஒரு புடவை கட்டிக்கொண்டு வந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பாபு ஷட்டரைப் பாதி இறக்கினார். கம்ப்யூட்டர் திரையில் அம்மா வந்தார். என் காதில் ஏலக் கூடத்துப் பெண் ஒருத்தி, ஆங்கிலத்தில், பூப்போலப் பேசினாள். "தயாராக இருக்கிறீர்களா? தொடங்கிவிட்டார்கள்."

கேட்டேன். "உங்களுக்கு எதிராக வந்திருக்கிறது" என்றாள், நான் சொன்னதற்கு மேல் கேள்வி விழுந்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி கேட்டேன். மறுபடி எதிராக வந்தது.

"எதிர்ல கேக்குறது யாருக்கா? ஆம்பளயா, பொம்பளயா?" என்றாள் அமலா.

"போன்ல தெரியாதும்மா."

கூடத்தில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். கடைசி வரிசையில் நிற்பதே அதற்குத்தானே.

ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒரு மாணவி, "அண்ணா, ரெக்கார்டு பைண்டிங்…" என்றாள். "அம்மா ஏலத்துல இருக்காங்க, அப்புறம் வா" என்றார் பாபு. அந்தப் பெண் மிரண்டு போய் ஓடிவிட்டாள். நாங்கள் நாலு பேரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் எங்கள் எல்லை வந்துவிட்டது.

"வண்டிய அடகு வெச்சிக்கலாம்க்கா, கேளுங்க" என்றார் செல்வம். ஒரு படி கூடப் போனேன். "எதிராக வந்திருக்கிறது. இன்னொரு முறை கேட்கிறீர்களா?" என்றது பூக்குரல்.

அமலா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "போதும்க்கா. வண்டி போனா சோறு போச்சு." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வுட மாட்டேன்னு ஒருத்தவங்க நிக்கிறாங்கன்னா, எவ்ளோ ஆசைப்பட்டிருப்பாங்க. அவுங்க நல்லா வெச்சிப்பாங்க."

காதில் சுத்தி தட்டுகிற சத்தம் கேட்டது. திரையில் அம்மா போய் ஒரு தென்னந்தோப்பு வந்தது.

மறுநாள் காலையில் ஏலக் கூடத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம், வாங்கியது யார் என்று விசாரித்தேன். அவர் தயங்கிவிட்டுச் சொன்னார். கூடத்தில் வேறு யாருமே அந்தப் படத்தைக் கேட்கவில்லை. படத்தின் சொந்தக்காரர் இந்த விலைக்குக் குறைந்தால் கொடுக்காதீர்கள் என்று சொல்லி வைப்பது உண்டு. அந்த விலை வரும்வரை ஏலம் விடுகிறவரே அவருக்காக எதிர்க்கேள்வி கேட்டு ஏற்றிக்கொண்டு போவார். ஊரறிந்த வழக்கம்தான், எனக்கும் தெரிந்ததுதான். அந்த நேரத்தில் ஏலம் விடுகிறவர் கண் ஆளில்லாத மூலையைப் பார்க்கும். பின்னால் நிற்கிற எவருக்கும் அது புரியும். போனில் எனக்கு அவர் கண் எப்படித் தெரியும்? அமலா என் கையைப் பிடித்தபோது, அந்த விலையைத் தொட இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி இருந்திருக்கிறது.

"அப்ப விக்கலையே! அந்த விலைக்கே நாங்க எடுத்துக்கறோம்" என்று கத்தினேன்.

"ஏலம் முடிந்த கையோடு கேட்டு வாங்கிவிட்டார்கள்" என்றார். கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல். வரவேற்புக் கூடத்துச் சுவருக்கு நாலு படம் வேண்டும் என்று அலங்காரம் செய்கிறவர் வந்திருக்கிறார். மிச்சம் கிடந்ததில் அளவு சரியாக இருந்த நாலைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு நாள் முன்னால் நான் ஊர் திரும்பியிருந்தால். உரிக்க முடியாத ஒன்றை உரிக்கிறேன் என்று ஊர் ஊராகத் திரியாமல் இருந்திருந்தால். அவள் பிடித்த கையை மெல்ல விலக்கிவிட்டு இன்னும் ஒரு முறை கேட்டிருந்தால். இந்த 'இருந்தால்'களுக்கு முடிவே இல்லை.

கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு அமலா வழியனுப்ப வந்தாள். கையில் முந்திரிப் பொட்டலம், நாலு மடிப்புச் சுற்றிய கருவாடு. பிச்சாவரம் மறுபடி ஹாலில் ஏறிவிட்டது, ட்யூப்லைட் படாத பக்கமாகச் செல்வம் மாட்டியிருக்கிறார் என்றாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கீழே நின்றபடி கேட்டாள்.

"யாரு வாங்குனாங்கன்னு தெரிஞ்சிதாக்கா?"

ராத்திரியெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

"ஒரு பெரிய எடத்துல வாங்கியிருக்காங்கம்மா. உள்ள நுழைஞ்சதும் எல்லாரும் பாக்குற சுவத்துல மாட்டப்போறாங்களாம்."

"தனியா இருக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க. நாள் பூரா ஆளு வந்து போற எடம்."

"அப்ப சரிக்கா." அவள் முகம் தெளிந்தது. "ஆளு சத்தம் இல்லன்னா அம்மாவுக்குச் சோறு எறங்காதுன்னு அப்பா சொல்லுவாரு."

பஸ் நகர்ந்தது. கூடவே நாலடி வேகமாக நடந்து வந்தாள். "ஊருக்குப் போனதும் ஒரு தடவ அவுங்களப் போயி பாத்துட்டு வாங்கக்கா. அமலா விசாரிச்சான்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.

திரும்பி வந்து மழைக்காலமும் முடிந்துவிட்டது. சிரம்பானிலிருந்து அந்த ஹோட்டல் ஒரு பஸ் தூரம்தான், வாசலிலேயே நிறுத்தம். நான் இன்னும் போகவில்லை.